முதலில் வெறும் செம்பு

மேடத்தை என் சம்சாரம்தான் முதலில் பார்த்தாள். பார்த்த அன்றே திட்டிவிட்டு வந்தாள்.

அவள் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து சங்கரா கேட்டிருக்கிறார். இவள் தராசைத் தூக்கப் போனாள்.

“மீன வெக்காதீங்க. தட்டு ரெண்டையும் காலியா ஒருக்கா தூக்கிக் காட்டுங்க.”

“ஏம்மா, பதினஞ்சு வருசமா இதே எடத்துல குந்திக்கினு இருக்கறன். என்னை நம்பாத மொத ஆளு நீதான்.”

“உங்கள நம்பறேங்க. தட்டத்தான் தெரியல.”

கோபத்தில் வெறும் தராசைத் தூக்கினாள். மீன் வைக்கிற தட்டு சாய்ந்தது. அடியில் ஐஸும் செதிளும் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. துடைத்துவிட்டுத் தூக்கினாள். சமமாக நின்றது. அந்தப் பெண் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

“நாலு வார்த்த கேட்டிருந்தாக்கூட தேவல. கேக்காம போச்சு பாரு, அதான் எரியுது,” என்றாள் வீட்டில்.

நான் போட் இன்ஜின் மெக்கானிக். 2004-ல் கடல் உள்ளே வந்தபோது கடலூர் துறைமுகத்தில் இருந்த என் ஷெட் போய்விட்டது. சாமான்களும் போயின. இரண்டு வருஷம் அங்கே இங்கே வேலை செய்தேன். பிறகு சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டீசல் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். தினக்கூலி. எட்டாவது வரை படித்தது போதும் என்றார்கள். போனேன்.

முதல் நாள் ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து நின்றார்.

“அண்ணே, லோடு குடுக்காதீங்க. மொதல்ல சும்மா ஓடட்டும். சத்தத்த கேட்டுக்கறேன்.”

பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் லோடு கொடுக்கச் சொல்லி இன்னும் பத்து நிமிஷம். சாயங்காலம் வீட்டில் சொன்னேன். சம்சாரம் உடனே சொல்லிவிட்டாள்.

“கண்ணாடியா? ஒல்லியா? அதேதான்யா. உன் தலையில எழுதியிருக்கு.”

அவர் செய்கிற வேலை எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே பஸ். முட்லூர் தாண்டி உட்கார இடம் கிடைத்தால் கேட்பேன். கேட்டதற்குச் சொல்வார்.

கூடத்தில் ஓர் எஃகு உருண்டை இருந்தது. பெரிய அண்டா அளவு. சுற்றிலும் குழாய், ஜன்னல், போல்ட். வேறொரு ஊரில் பழசாகிப்போனதை மூன்று மரப்பெட்டியில் வாங்கி வந்து அவரே பூட்டியது. உள்ளே காற்று இருக்கக் கூடாது. பம்பு வைத்து உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் பம்பு நிற்கும். அதற்குத்தான் நான்.

உருண்டைக்குள் ஒரு ரூபாய் நாணயம் அளவு செம்புத் துண்டு. அதன் மேல் ஒரு பவுடரை ஆவியாக்கி விடுவார். செம்பைச் சூடாக்கினால் பவுடரின் துணுக்குகள் முனையும் முனையும் கோத்துக்கொண்டு சங்கிலியாகும். பாலிமர் என்பார். பிளாஸ்டிக்கின் உறவு. ஆனால் இதில் கரண்ட் போகும் என்றார்.

“நைலானும் பிளாஸ்டிக்குதான மேடம். எங்க வலையில எங்க கரண்ட் போவுது?”

“நைலான்ல எலக்ட்ரான் அதது வீட்டுக்குள்ள பூட்டிக்கினு கெடக்கும் அண்ணே. இந்தச் சங்கிலியில வீட்டுக்கு வீடு கதவு தெறந்திருக்கும். இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு ஓடலாம். எப்படி ஓடுது, எவ்ளோ சுளுவா ஓடுதுன்னு பாக்கறதுதான் என் வேல.”

“எப்படி பாப்பீங்க?”

“வெளிச்சம் அடிச்சு எலக்ட்ரான வெளிய தட்டிருவோம். எந்தச் சாய்வுல வருது, எவ்ளோ வேகத்துல வருதுன்னு அளந்தா கம்ப்யூட்டர்ல கோடு விழும். சங்கிலி நெடுக அளந்தா கோடு வளையும். செம்ப கால்வட்டம் திருப்பி, சங்கிலிக்குக் குறுக்க அளந்தா கோடு வளையாது. அப்பதான் அது சங்கிலி.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். ஆனா செம்பே கரண்ட் கடத்துற சாமான். அதுக்குள்ள எலக்ட்ரான் கொட்டிக் கெடக்குது. சங்கிலி அது மேல படுத்துக் கெடக்குது. வெளிய வர்றது யாரோடது? சங்கிலியோடதா, செம்போடதா?”

“அப்ப இன்னாத்துக்கு செம்பு மேல வளக்கறீங்க?”

“வேற எது மேலயும் வரிசையா நிக்க மாட்டேங்குது.”

அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் செம்பு. பவுடர் போடாமல், சுத்தம் செய்த செம்பை மட்டும் அளப்பார். சுத்தம் செய்யவே ஒரு நாள் பிடிக்கும். அளந்த பிறகுதான் பவுடர். நேற்று அளந்த செம்புதானே என்று யாராவது சொன்னால், “அது நேத்து செம்பு” என்பார்.

எங்கள் எலக்ட்ரீஷியன் புவனகிரிக்காரர். என்னை மச்சான் என்பார். மீன் தட்டுக் கதையை என்னிடம் கேட்டு மேடத்துக்கு வெறுந்தட்டு மேடம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருக்கும் ஒரு நாள் வந்தது.

பேனல் பெட்டியில் ஒயர் மாற்ற வேண்டும். மெயினை அணைத்துவிட்டு வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. கையை உள்ளே விடப் போனார்.

“அண்ணே, இருங்க. அந்த டெஸ்டர மொதல்ல எரியற எடத்துல வெச்சுக் காட்டுங்க.”

“மேடம், எனக்கு இருவது வருச சர்வீசு.”

“டெஸ்டருக்கு எத்தன வருசம்?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஃபேன் சுவிட்சு பக்கத்தில் இருந்த பிளக்கில் வைத்தார். எரியவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது. வேறு டெஸ்டர் கொண்டுவந்து பேனலில் வைத்தார். எரிந்தது. அவர் அணைத்தது பக்கத்துப் பெட்டியின் மெயின். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன்.

பெயரை அவர் மாற்றவில்லை. கூப்பிடுகிற குரல் மாறியது.

என் சம்சாரமும் மேடத்தின் அம்மாவும் மீன் வழியாகப் பழக்கமானார்கள். அம்மாவும் மகளும் மட்டும்தான் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தார்கள். மாப்பிள்ளை பார்த்த கதை அப்படித்தான் எங்களுக்கு வந்தது. சிதம்பரம் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பையன் புதுச்சேரி. நல்ல வேலை. அரை மணி நேரம் பேசினார்கள். பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு இவர் சொன்ன பதில்:

“அவரோட பேசிக்கினு இருந்தப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு காலையில இருந்தே நான் சந்தோசமாத்தான் இருந்தேன். சாதாரண நாள்ல இன்னொருக்கா பாக்கணும்.”

பையன் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு முடிந்தது.

“இதுக்கு இன்னாய்யா அர்த்தம்?” என்றாள் என் சம்சாரம். “மாப்ளையவும் தராசுல வெறுந்தட்டா தூக்கிப் பாக்குமா அது?”

எனக்கும் கொஞ்சம் பயமாக இருந்தது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று பஸ்ஸில் அவர் பின்மண்டையைப் பார்த்தபடி நினைத்திருக்கிறேன்.

2008. அந்த வருஷ டிசம்பரோடு மேடத்துக்கு வருகிற உதவித்தொகை முடிகிறது. அதற்குள் நல்ல அளவீடு ஒன்று வேண்டும். வந்தால் ஆய்வேடு எழுதி டாக்டர் ஆகலாம். வராவிட்டால் ஐந்து வருஷம் வீண். உருண்டையையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கூடத்துக்குத் தலைவரான பெரிய சார் எல்லார் முன்னாலும் இதைச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் அவரைக் கேட்டார்கள், அவர் இவரைக் கேட்டார்.

ஆகஸ்டில் மேடத்தின் பெரியப்பா இறந்துபோனார். காரியத்துக்கு மேல்பட்டாம்பாக்கம் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து உருண்டையில் கசிவு. காற்று உள்ளே போகிறது. ஒரு குழாய் சேருகிற இடம். அங்கே இரண்டு எஃகு வட்டுக்கு நடுவில் ஒரு செம்பு வளையம் இருக்கும். அதை மாற்ற வேண்டும். அவரோடு சேர்ந்து பத்துத் தடவை மாற்றியிருக்கிறேன். பெரிய சார் என்னையே மாற்றச் சொன்னார். மேடமும் போனில் சொன்னார்.

“கையுறை போட்டுக்கங்க. வளையம் புதுசு போடுங்க. போல்ட்ட எதிரும் புதிருமா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

கையுறை போட்டேன். புது வளையம் போட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். போட் இன்ஜினில் கேஸ்கட்டுக்குக் கிரீஸ் தடவாமல் யாரும் போல்ட்டை முறுக்க மாட்டோம். உப்புத் தண்ணி உள்ளே வந்துவிடும். இருபது வருஷப் பழக்கம். ஜெனரேட்டர் ஷெட்டில் டப்பா இருந்தது. விரல் நுனி அளவு எடுத்து வளையத்தைச் சுற்றி ஒரு இழுப்பு. அவ்வளவுதான். தடவும்போது நல்லது செய்கிறோம் என்றுதான் இருந்தது.

கசிவு நின்றது. பிறகு உருண்டையை வெளியிலிருந்து இரண்டு நாள் சூடேற்ற வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கிற ஈரமெல்லாம் கழன்று வர. அதையும் செய்தேன்.

மேடம் வந்து பார்த்தார். “நல்லா பண்ணியிருக்கீங்கண்ணே. நானே இருந்திருந்தாக்கூட இவ்ளோ சீக்கிரம் முடிச்சிருக்க மாட்டேன்.”

அதற்கு முன்னால் அங்கே என்னை யாரும் பாராட்டியதில்லை.

செப்டம்பரில் சங்கிலி வந்தது. வந்தது என்று பெரிய சார் சொன்னார். சங்கிலி கார்பனால் ஆனது. கார்பன் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டியது, கோட்டில் ஒரு மேடு மாதிரி. பெரிய சார் கடையிலிருந்து இனிப்பு வாங்கிவரச் சொன்னார். மேடம் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு செம்பைத் திருப்பினார். நெடுக அளந்தாலும் குறுக்கே அளந்தாலும் ஒரே கோடு. வளையவே இல்லை.

“சங்கிலி கன்னாபின்னான்னு படுத்திருக்கும்மா. அப்படியே எழுதிடு. போதும்,” என்றார் சார்.

“சார், வெறும் செம்பு ஒருக்கா பாத்துக்கறேன்.”

“போன வாரம் பாத்தியே.”

“பாத்தவுடனே பவுடர் போட்டுட்டேன் சார். இந்த தபா பவுடரே போடாம ஒரு நாள் முழுக்க விட்டுப் பாக்கறேன்.”

சார் இனிப்புப் பெட்டியை மூடினார்.

செம்பைச் சுத்தம் செய்து, பவுடர் போடாமல், மணிக்கு ஒரு தடவை அளந்தார். முதல் மணியில் ஒன்றுமில்லை. மூன்றாவது மணியில் சின்ன மேடு. சாயங்காலத்தில் அதே மேடு, முழுசாக. பவுடரே போடாத செம்பில்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “உள்ள யாரோ இருக்காங்கண்ணே.”

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

அந்தச் சமயம் என்னை நிரந்தரம் ஆக்குகிற பேச்சு இருந்தது. சார் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை மேலே அனுப்பியிருந்தார். சொல்லாததற்கு அது ஒரு காரணம். நல்லா பண்ணியிருக்கீங்கண்ணே என்றது இன்னொரு காரணம். எது பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேடம் மூன்று வாரம் தேடினார். ஒவ்வொன்றாகக் கழித்தார். விளக்கா, இல்லை. பம்பா, இல்லை. பவுடர் வைக்கிற அடுப்பா, அதை வெளியே எடுத்தும் மேடு வந்தது. கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டார். முன்னே போட்ட பவுடரில் ஏதோ அழுக்கு, அது உருண்டைச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு பண்ணினார். அந்தப் பவுடர் கடையில் கிடைக்காது. எட்டு மாதம் உட்கார்ந்து அவரே தயாரித்தது. ஒரு சின்னப் பழுப்புப் புட்டி. புதுசாகச் செய்தால் டிசம்பர் தாண்டிவிடும். எலக்ட்ரீஷியன்கூடக் கேட்டார்.

“மச்சான், வெறுந்தட்டு மேடம் மூஞ்சி ஏன்யா இப்டி ஆயிட்டுது? சாப்புடுதா இல்லியா?”

நான் டீசல் ஊற்றுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மேடம் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் புட்டி மூடி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு பீக்கரில் ஏதோ திரவம்.

“அண்ணே, அந்த வேஸ்ட் கேன எடுங்க. இத கரைச்சு ஊத்திடலாம். இது இருந்தா மறுபடியும் இதையே போடத் தோணும்.”

கேனை எடுத்தேன். கொண்டுபோய் வைக்க முடியவில்லை. நின்றேன்.

“அண்ணே?”

“பவுடர் இல்ல மேடம். கிரீஸு.”

“என்ன கிரீஸு?”

“நீங்க ஊர்ல இல்லாதப்ப வளையம் மாத்துனேன்ல. கிரீஸ் தடவுனேன். போட்டுல அப்டித்தான் தடவுவோம். கை போயிட்டுது.”

அவர் புட்டியை மூடினார். மெதுவாகத் திருகி மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

“எந்த வளையம்?”

காட்டினேன்.

“எவ்ளோ?”

விரல் நுனியைக் காட்டினேன்.

“வெளிப்பக்கமா, உள்பக்கமா?”

“சுத்தியும்.”

“டப்பா இன்னும் இருக்குதா?”

இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அதில் கொஞ்சம் வழித்து ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தார். அடுத்த வாரம் வேறொரு ஊரில் இருக்கிற மெஷினில் காட்டப் போகிறேன் என்றார். இந்தக் கிரீஸைச் சூடாக்கி ஒரு செம்புத் துண்டின் மேல் ஆவி பிடித்தால் அதே மேடு வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வாரம் சுமந்ததை இறக்கி வைத்திருக்கிறேன்.

“நாந்தான் சொல்றேனே மேடம். இன்னும் இன்னாத்த பாக்கப்போறீங்க?”

“நீங்க சொல்றீங்கண்ணே. கிரீஸ் இன்னும் சொல்லலியே.”

போனார். பார்த்தார். நாலாம் நாள் வந்தார். அதே மேடு, அதே இடத்தில். கிரீஸிலும் கார்பன்தானாம். அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க சொன்னது கரெக்ட்டுண்ணே. வாய தெறக்கலைன்னா பவுடர ஊத்தியிருப்பேன்.”

சாரிடம் அவரே போனார். நானும் பின்னால் போய் நின்றேன். சார் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “நிரந்தரம் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்பா,” என்றார். சரிங்க சார் என்றேன். நியாயம்தான். இரண்டு வருஷம் கழித்துத்தான் அது வந்தது.

உருண்டையைப் பிரித்தோம். நான் இருபது வருஷத்தில் பிரித்த இன்ஜின்களை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு போல்ட் வராது. ஒவ்வொரு துண்டையும் மூன்று விதமான திரவத்தில் கழுவினோம். எலக்ட்ரீஷியன் லீவு போட்டுவிட்டு வந்து கழுவினார். ஏன் என்று கேட்டதற்கு, “சும்மா வந்தன் மச்சான்,” என்றார். பதினோரு நாள். மறுபடி பூட்டினோம். வளையங்களை நான்தான் போட்டேன். மேடம் பக்கத்தில் நிற்கவில்லை. வேண்டுமென்றே நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

இனி இரண்டு நாள் விடாமல் சூடேற்ற வேண்டும். அதற்குள் தினமும் கரண்ட் கட் தொடங்கியிருந்தது. அத்தனை சூட்டுக்கும் என் ஜெனரேட்டர் தாங்காது. பம்பை மட்டும்தான் இழுக்கும். நடுவில் விட்டுவிட்டுச் சூடேற்றினால் முதலிலிருந்து வர வேண்டும்.

எலக்ட்ரீஷியன்தான் வழி சொன்னார். “தீவாளிக்கு கட் பண்ண மாட்டான் மேடம். பண்டிகைக்கு முந்தின நாளும் பண்ண மாட்டான். மொத்த தமிழ்நாடும் டிவி பாக்கும்ல.”

தீபாவளியன்று உருண்டைக்கு அலுமினியத் தாளைச் சுற்றிப் பட்டு உடுத்தின மாதிரி வைத்துச் சூடேற்றினோம். ஊரெல்லாம் வெடி. நான் விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்தேன். என் சம்சாரம் வாசல் வரை வந்து திட்டினாள்.

“பொண்டாட்டிக்கு இல்லாத தீவாளி அந்த அண்டாவுக்கா?”

திட்டிக்கொண்டே இட்லியும் கறிக்குழம்பும் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். மூன்று பேருக்குப் போட்டிருந்தாள். மேடம் கறிக்குழம்பு இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை.

நவம்பர் முழுக்க வெறும் செம்பு. மணிக்கு ஒரு தடவை. ஒரு நாள் முழுக்க விட்டாலும் மேடு வரவில்லை. சார் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். “பவுடர் போடும்மா, நாள் போகுது.” போடவில்லை. “இன்னும் ஒரு நாள் சார்.” இப்படியே மூன்று இன்னும் ஒரு நாள். டிசம்பரும் வந்துவிட்டது. அப்புறம்தான் புட்டியைத் திறந்தார்.

சங்கிலி வந்தது. நெடுக அளந்தார். கோடு வளைந்தது. தூண்டில் முள் மாதிரி. அழகாகத்தான் இருந்தது. குறுக்கே திருப்பி அளந்தார். நேராகக் கிடந்தது.

நான் சாரைக் கூப்பிடக் கிளம்பினேன்.

“அண்ணே, இருங்க.” அவர் எழுந்துவிட்டார். “எனக்கு இது வளையணும்னு ரொம்ப ஆச. ஆசப்பட்டவ கண்ணுக்கு எல்லாமே வளைஞ்சுதான் தெரியும். நீங்க திருப்புங்க. நெடுகவா குறுக்கவான்னு எனக்குச் சொல்லாதீங்க. காயிதத்துல எழுதி வெச்சுக்கங்க. நான் கோட்ட மட்டும் பாத்துச் சொல்றேன்.”

திருப்புகிற சக்கரம் உருண்டையின் அந்தப் பக்கம். அவர் எனக்கு முதுகைக் காட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் ஒரு பழைய டீசல் பில்லின் பின்பக்கத்தில் ஒன்று முதல் எட்டு வரை போட்டுக்கொண்டேன். காலை பத்து மணி.

ஒன்று. நெடுக வைத்தேன். எழுதினேன். இருபது நிமிஷம் ஆகும் ஒரு கோடு விழ.

“நெடுக,” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

இரண்டு. குறுக்கே. “குறுக்க.” மூன்று. குறுக்கே. “இதுவும் குறுக்க.” நாலு. “நெடுக.” ஐந்து. “நெடுக.”

எல்லாம் சரி. சக்கரத்தைச் சுற்றும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. சத்தத்தைக் கேட்டே அவர் கண்டுபிடித்துவிடலாம். கால்வட்டம் திரும்பினால் நீளச் சத்தம். திருப்பாவிட்டால் சத்தமே இல்லை. அவர் வேண்டுமென்று கேட்க மாட்டார். காது கேட்டுவிடும். என் கை கிரீஸுக்குப் போன மாதிரி.

ஆறாவதற்குச் சக்கரத்தைக் கால்வட்டம் சுற்றினேன். கிறீச். உடனே பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். மறுபடி கிறீச். ஏழாவதற்கு இன்னொரு தடவை அப்படியே, போய் வந்தேன். இரண்டும் ஐந்தாவது இருந்த இடம்தான். நெடுக என்று எழுதினேன்.

ஆறாவது கோடு விழுந்தது. “நெடுக,” என்றார்.

ஏழாவது விழுந்தது. கம்ப்யூட்டருக்குக் கிட்டே போய் மறுபடி பார்த்தார்.

“இந்த தபா குறுக்கன்னு வரும்னு பாத்தேன். இதுவும் நெடுகதான். ஆனா திருப்புன சத்தம் கேட்டுச்சேண்ணே.”

நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கோடு நெடுகன்னு சொல்லுது,” என்றார். “நான் கோட்டத்தான் சொல்வேன். நெடுக.”

எட்டாவது குறுக்கே. “குறுக்க.”

காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவதில் நின்றது விரல். ஏழாவதில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சத்தம் மட்டும் குடுத்தீங்களா?”

“ஆமா மேடம். காது கேட்டுச் சொல்றீங்களோன்னு.”

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்தார்.

“எனக்கு அது தோணவே இல்லண்ணே,” என்றார். “இது சங்கிலிதான். போய் சார கூட்டிக்கினு வாங்க.”

போனேன். சார் படியில் எதிரே வந்துகொண்டிருந்தார்.